கோழிக்கூட்டுக்குத் தானியங்கிக் கதவு: ராக்கூன் இருக்கும் இடத்தில் நம்பலாமா?

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. ராக்கூன் (வட அமெரிக்காவில் இரவில் இரை தேடும், பூனையைவிடச் சற்றுப் பெரிய விலங்கு) நடமாடும் பகுதியில் கோழி வளர்க்கிறீர்கள், பொழுது சாயும் நேரத்தில் தினமும் வீட்டில் இருக்க முடியாது என்றால், தானியங்கிக் கதவு நியாயமான செலவுதான். ஆனால் எந்த வகைக் கதவு, அது எப்படிப் பூட்டிக்கொள்கிறது, கூட்டைச் சுற்றி வேறென்ன இருக்க வேண்டும் என்பதில் விற்பவர்கள் வாய் திறக்காத விஷயங்கள் நிறைய.

கம்பெனிப் பெயர் கேட்காதீர்கள். ஒரே மாதிரிக் கதவுகள் பல பெயர்களில், மூடியின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு விற்கின்றன. பெயரைப் பார்த்து வாங்குவதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவது மேல்.

நான் மருத்துவமனையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். கோழிக்கு ஷிப்ட் கிடையாது. வெளிச்சம் மங்கினால் அது பாட்டுக்குக் கூடு அடைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பது மணி ஆனாலும் வெளியே மேய்ந்துகொண்டிருக்கும்; டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே கொம்பில் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்துக்கு யாராவது போய்க் கதவை மூட வேண்டும். என் கணவர் மூடுவார். அதாவது, மூடுகிறேன் என்று சொல்வார். அடைந்த கோழியை ராக்கூன் தூக்குவதற்குத் திறந்து கிடக்கும் ஒரே ஒரு இரவு போதும், அதனால் இந்தப் பொறுப்பை மோட்டாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

வாங்குவதற்கு முன் எதிரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நரியும் கயோட்டியும் (ஓநாயைப் போன்ற சிறு விலங்கு) வாயால் வேலை செய்பவை. ராக்கூன் கையால் வேலை செய்வது. முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்கள். நம்மைப் போலக் கட்டைவிரலை எதிரே கொண்டுவந்து பிடிக்க வராது. ஆனால் தடவிப் பார்த்தே ஒரு பொருளைத் தெரிந்துகொள்ளும் திறமை அபாரம். மூளையில் தொடு உணர்வுக்கான பகுதியில் பெரும்பங்கு இந்த முன்கால்களுக்கே போகிறது. ஆகவே கும்மிருட்டு அதற்கு ஒரு தடையே இல்லை. 1907-ல் ஹெச். பி. டேவிஸ் என்பவர் ராக்கூன்களிடம் பூட்டுப் போட்ட பெட்டிகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை வெளியிட்டார். 13 வகைப் பூட்டுகளில் 11-ஐ அவை பத்து முயற்சிக்குள் திறந்துவிட்டன. பூட்டுகளை இடம் மாற்றியும் தலைகீழாகத் திருப்பியும் வைத்தபோதுகூடத் தடுமாறவில்லை. டொரொன்டோ நகராட்சி 2016-ல் ராக்கூனைத் தடுப்பதற்கென்றே திருகு பூட்டு வைத்த உணவுக்கழிவுத் தொட்டிகளை வீடுவீடாகக் கொடுத்தது. அதையும் கீழே தள்ளித் திறந்த ராக்கூனின் வீடியோ பிற்பாடு வெளிவந்தது. ஒரு மாநகராட்சி மெனக்கெட்டுச் செய்த தொட்டிக்கே இந்தக் கதி என்றால், நம் கூட்டுக் கதவின் கொக்கியெல்லாம் எம்மாத்திரம்.

இனி கதவுக்கு வருவோம். சந்தையில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் மோட்டார் ஒரு கயிற்றைச் சுருட்டிப் பலகையை மேலே தூக்கும். மாலையில் கயிற்றைத் தளர்த்தினால் பலகை தன் எடையில் கீழே இறங்கும். விலை குறைவு, பழுது பார்ப்பது சுலபம். ஆனால் இறங்கிய பலகையைப் பிடித்து வைத்திருப்பது அதன் எடை மட்டும்தான். அடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் பலகை மேலே போகும், கயிறு தொளதொளவென்று ஆகும், அவ்வளவுதான். சில கயிற்றுக் கதவுகளில் தரையைத் தொட்டதும் பக்கவாட்டில் தானாக விழும் பூட்டு உண்டு. அது இருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் ராக்கூன் இருக்கும் இடத்துக்கு அது கதவே இல்லை, திரை.

இரண்டாவது வகையில் மோட்டார் ஒரு திருகு கம்பியைச் சுழற்றும். திருகு சுற்றினால் பலகை நகரும். பலகையைத் தள்ளினால் திருகு சுற்றாது. இந்த ஒரே காரணத்துக்காகத்தான் நான் இந்த வகையை எடுத்தேன். அலுமினியப் பலகை, இரு பக்கமும் பலகை ஓடும் உலோகக் காடி, கீழே பலகை போய் உட்கார ஒரு பள்ளம். பொருள் வந்ததும் கூட்டில் மாட்டுவதற்கு முன் மேசைமேல் வைத்து ஒரு சோதனை செய்யுங்கள்: கதவை மூடவிட்டு, அடிவிளிம்பில் இரண்டு கை விரல்களையும் நுழைக்கப் பாருங்கள். விரல்நுனி நுழைந்தாலே திருப்பி அனுப்பிவிடுங்கள். நுழையவில்லை என்றால், பலகையின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடி மேலே தள்ளிப் பாருங்கள். அசையவே கூடாது. மூலைகள் வளைகின்றனவா என்றும் கவனியுங்கள். பிளாஸ்டிக் காடி வைத்த மலிவு ரகங்கள் இந்த இடத்தில்தான் பல்லை இளிக்கும்.

நான் வாங்கியது இந்தச் சோதனையில் முழுதாகத் தேறியது. காலையில் பலகையின்மேல் சேற்றுக் கைத்தடங்கள் இருக்கும், குழந்தைகள் உள்ளங்கையை அப்பிவிட்டுப் போன மாதிரி. கதவு இருந்த இடத்தில் இருக்கும்.

எப்போது மூட வேண்டும் என்று கதவுக்கு எப்படித் தெரியும்? டைமர் வைக்கலாம், வாராவாரம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதோடு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இங்கே ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் திருப்பும் கூத்து வேறு. வெளிச்ச சென்சார்தான் வசதி. கோழி எதைப் பார்த்துக் கூடு அடைகிறதோ அதையே இதுவும் பார்க்கிறது. ஆனால் சென்சாருக்குச் சூரியன் எது, வாசல் விளக்கு எது என்று தெரியாது. ஆள் நடமாட்டம் கண்டால் எரியும் விளக்கு ஒன்று பக்கத்துச் சுவரில் இருந்து, அது கூட்டின் பக்கம் பார்த்துக்கொண்டும் இருந்தால் போச்சு. இருட்டிய பிறகும் கதவு திறந்தே நிற்கும். ராக்கூனே வந்து விளக்கை எரியவைத்துத் தனக்குக் கதவைத் திறந்துகொள்ளும் என்று என் கணவர் கேலி செய்வார், அது அவ்வளவு தூரத்துக் கற்பனையும் இல்லை. சென்சாரை விளக்குப் படாத பக்கம் வையுங்கள். இரண்டையும் சேர்த்து வைக்க முடிகிற மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது: வெளிச்சம் மங்கியதும் மூடு, எப்படியிருந்தாலும் இந்த மணிக்குமேல் திறந்திருக்காதே என்று.

எங்களிடம் கருப்பி என்று ஒரு பெட்டை. எல்லாம் அடைந்த பிறகுதான் அவளுக்கு மண்ணில் குளிக்கத் தோன்றும். இப்படிப்பட்டவள் ஒருத்தி எல்லா மந்தையிலும் இருப்பாள். கதவு மூடிவிட்டால் வெளியே மாட்டிக்கொண்ட கோழி இருட்டில் ஒன்றும் செய்யாது. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. கதவுக்கு முன்னாலேயே குந்தி உட்கார்ந்துவிடும், ராக்கூன் வரும் பாதையில். நல்ல மாடல்களில் வெளிச்சம் போனபின் எவ்வளவு நேரம் தள்ளி மூட வேண்டும் என்று அமைக்கலாம். அதைக் கடைசிக் கோழிக்குத் தோதாக வையுங்கள், முதல் கோழிக்கு வைத்துப் புண்ணியமில்லை.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்கான காரணம் இதோ. பலகை இறங்கும்போது நடுவில் எதுவும் சிக்கினால் மோட்டார் நின்று, திரும்ப மேலே போய்விடும். கோழியின் கழுத்து நசுங்காமல் இருக்க வைத்த ஏற்பாடு, விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காடியில் ஒரு பிடி வைக்கோல் அடைந்திருந்தாலும், பனிக்காலத்தில் உறைந்த எச்சம் திரண்டு நின்றாலும், கதவுக்கு அதுவும் கழுத்துதான். இறங்கும், முட்டும், ஏறும். நான் வாங்கிய மாடல் சில முறை இப்படி முயன்றுவிட்டு, கடைசியில் திறந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும். யார் பார்க்க? நான் வேலையில் இருப்பேன், அந்த விளக்கைப் பார்க்க வசதியான இடத்தில் இருப்பது ராக்கூன் ஒன்றுதான். நல்லவேளை, அப்படி நடந்த இரவில் குப்பை போடப் போன கணவர் கவனித்துவிட்டார்.

இதற்கு ஒலி எழுப்பும் அல்லது போனுக்குத் தகவல் அனுப்பும் மாடல்கள் இருக்கின்றன. ஆப் வைத்த பொருள் என்றாலே எனக்கு ஆகாது, கதவைத் திறக்க எதற்குப் பாஸ்வேர்டு என்று கேட்கிற ரகம் நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஆப்புக்கு வேலை இருக்கிறது: மூடவில்லை என்று சொல்வது. ஆப் வேண்டாம் என்பவர்கள், காடிக்கு அடியில் கூட்டுத் தரையில் பரப்பும் வைக்கோல் துகள் சேராதபடி வாசற்படியை ஒரு கையளவு உயர்த்திக் கட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம். வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கோலுக்குப் பதில் மணல்.

பேட்டரி: சாதாரண ஆல்கலைன் பேட்டரி கடுங்குளிரில் சோர்ந்துவிடும். குளிர்காலத்துக்கு லித்தியம் போடுங்கள். சூரியத்தகடு வைத்தது வாங்கினால் தகட்டின் மேல் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோழி வளர்க்கத் தொடங்கியிருக்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இந்தக் கதவைப் போட்டுட்டா ராக்கூன் தொல்லை போயிடுமா?" போகாது. கதவு மூடியிருக்கிறது என்று தெரிந்ததும் அது சுவரைத் தடவ ஆரம்பிக்கும். கதவுக்குச் செலவு செய்துவிட்டு மற்ற பக்கமெல்லாம் சிக்கன் வயரைச் சுற்றி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. அந்த அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கச் செய்தது. எதையும் வெளியே நிறுத்தச் செய்ததல்ல. ராக்கூன் அதைப் பிய்த்தே எடுத்துவிடும். அதைவிடக் கெட்டியான, ஆனால் கண்ணி பெரிதாக இருக்கும் வெல்டு வலையிலும் ஆபத்து உண்டு. ராக்கூன் உள்ளே வர வேண்டிய தேவையே இல்லை. கையை மட்டும் விட்டு, வலையோரம் தூங்கும் கோழியின் தலையையோ காலையோ பிடித்து இழுக்கும். காலையில் தலையில்லாத கோழி வலைக்கு உள்பக்கம் கிடந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது. ஆந்தையும் தலையைத் தின்னும் என்றாலும், நாலு பக்கமும் மேலேயும் வலை போட்ட கூட்டில் ஆந்தைக்கு என்ன வேலை?

வாங்க வேண்டியது அரை அங்குலக் கண்ணி, 19 கேஜ் கம்பி, துத்தநாகம் பூசிய ஹார்டுவேர் கிளாத் (பெயரில்தான் துணி, உண்மையில் சதுரக் கண்ணிக் கம்பி வலை). கால் அங்குலக் கண்ணி இன்னும் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ரகம் வழக்கமாக 23 கேஜ், கம்பி மெலிசு. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதை மறக்க வேண்டாம். ஜன்னல், காற்றுவழி, கூரைக்குக் கீழே உள்ள இடைவெளி எல்லாவற்றுக்கும் இதுவே. ஸ்டேப்பிள் அடித்து ஒட்டவைக்காதீர்கள். ஸ்க்ரூவும் அகல வாஷரும் போட்டு இறுக்குங்கள், அல்லது வலையின்மேல் மரச்சட்டம் வைத்து அடியுங்கள். ராக்கூன் ஒரு மூலையைப் பிடித்துத் தன் எடை முழுவதும் போட்டுத் தொங்கும்.

தோண்டி வருவதைத் தடுக்க வலையைச் சுவரோடு நிலத்துக்குள் இறக்கலாம். எங்கள் மண்ணில் கடப்பாரையே திணறும், அதனால் நாங்கள் வலையை வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையில் பாவாடை போல விரித்து, ஆணி முளை அடித்து, மேலே புல்லை வளரவிட்டோம். தோண்டும் விலங்கு சுவரோரம்தான் தோண்டும். வலை தட்டுப்பட்டதும் இரண்டடி பின்னால் போய்த் தோண்டிப் பார்ப்போம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. இத்தனை சாமர்த்தியம் இருந்தும் இது மட்டும் எப்படி வராமல் போனதோ.

மனிதர் நுழையும் பெரிய கதவு, முட்டை எடுக்கும் பெட்டியின் மூடி, இரண்டுக்கும் பூட்டு வேண்டும். கொக்கி-வளையம் உடனே திறந்துவிடும். சாதாரணத் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்துவிடும். இரண்டு வேறு வேறு அசைவுகள் தேவைப்படும் பூட்டாக இருக்கட்டும்: தாழ்ப்பாளைப் போட்டு, அதன் ஓட்டையில் திருகி இறுக்கும் காரபைனரை (மலையேறுபவர்கள் கயிற்றில் மாட்டும் உலோக வளையக் கொக்கி) மாட்டுவது. வெறும் ஸ்ப்ரிங் காரபைனர் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. நான் திருகு வகையைத்தான் நம்புவேன். முட்டைப் பெட்டியின் மூடியைத்தான் எல்லோரும் அலட்சியமாக விடுகிறார்கள், எடை குறைந்த மூடி, தரைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில்.

பகலில் மேயும் இடத்துக்கு மின்வலை வாங்கியிருக்கிறோம். கதவுக்கு அடுத்தபடியாக எனக்குத் திருப்தி தந்த பொருள் இது. நாலடி உயரம், கிடைமட்டக் கம்பிகளில் மின்சாரம் துடிப்புத் துடிப்பாக ஓடும், ஏறக்குறைய நொடிக்கு ஒரு துடிப்பு. கோழிக்கு இறகு காப்பு; கொண்டையோ அலகோ பட்டால்தான் உறைக்கும். ராக்கூன் முதலில் மூக்கால் மோந்து பார்க்கும், ஈரமான மூக்கில் ஒன்று வாங்கியதும் அந்தப் பக்கம் திரும்பாது. மதியத்திலேயே ராக்கூனைப் பார்த்தால் உடனே வெறிநோய் என்று அலற வேண்டாம். குட்டி போட்ட தாய் வசந்தத்திலும் கோடையிலும் பகலில் இரை தேடும், அதனால்தான் பகலுக்கும் காவல் தேவைப்படுகிறது. தள்ளாடுகிறது, ஆளைக் கண்டும் விலகவில்லை என்றால் மட்டும் விலங்குக் கட்டுப்பாட்டுத் துறையைக் கூப்பிடுங்கள்.

மின்வலையில் எப்போதும் குறைந்தது 3,000 வோல்ட் இருக்க வேண்டும். சோதிக்கும் கருவியையும் கூடவே வாங்குங்கள், புல் நுனியால் கம்பியைத் தொட்டுப் பார்த்து ஊகிக்கும் வேலை வேண்டாம். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குக் கசிந்துவிடும். கோடையில் காய்ந்த மண்ணில் கிரவுண்ட் கம்பி (கருவியை மண்ணோடு இணைக்கும் கம்பி) சரியாக வேலை செய்யாது. பனி விழுந்தால் அடிக்கம்பிகள் மூழ்கிவிடும். வலைக்கு மேல் மரக்கிளை தொங்கினால் வலையே வீண், ராக்கூன் மரத்திலிருந்து தலைகீழாக இறங்கும். தவளை, பாம்பு, ஆமை போன்றவை வலையில் மாட்டிச் சாகக்கூடும், அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. அதனால் கோழி இல்லாத நாட்களில் வலையைச் சுருட்டி வைத்துவிடுகிறோம்.

சிமிட்டும் சிவப்பு விளக்குகள், கண் போலத் தோன்றும் என்று விற்கிறார்களே, அவற்றுக்கு ஒரு நட்சத்திரம். கொஞ்ச நாள் தயங்கும், பிறகு பழகிவிடும். அசைவு கண்டால் தண்ணீர் பீய்ச்சும் கருவிக்கு இரண்டு. கோடையில் பரவாயில்லை, உறைபனிக் காலத்தில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும், தபால்காரர் நனைவார். ரேடியோ, மிளகாய்த்தூள், வேட்டை விலங்குகளின் சிறுநீர்ப் புட்டி பற்றியெல்லாம் எழுதப் பொறுமை இல்லை.

பொறி வைத்துப் பிடித்து எங்காவது காட்டில் விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் அதிகம். வட அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படி இடம் மாற்றிவிடுவது சட்டப்படி தவறு, காரணம் வெறிநோயும் மற்ற தொற்றுகளும் கூடவே ஊர் மாறும். உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் விதியைப் பார்க்காமல் பொறியைத் தொடாதீர்கள். வசந்தத்தில் தாயைப் பிடித்துவிட்டால் குட்டிகள் எங்கோ ஒரு மரத்தளத்துக்கு அடியில் பட்டினியில் சாகும். தீனி சிதறிக் கிடக்கும்வரை, காலியான இடத்துக்கு இன்னொன்று வந்துகொண்டேதான் இருக்கும். தீனியை இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள், பூட்டு உள்ள உலோகப் பீப்பாயில் வையுங்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது, பாதித் தொல்லை குறையும்.

இடையில் ஒன்று. ராக்கூன்கள் ஒரே இடத்தில் எச்சமிடும் பழக்கம் உள்ளவை, மரத்தடி, விறகுக் குவியல், கூரை. அந்த எச்சத்தில் மனிதருக்குள் புகுந்து மூளையைத் தாக்கக்கூடிய உருளைப்புழுவின் முட்டை இருக்கலாம். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில்தான் அது தொற்றும் நிலைக்கு வரும், அதனால் பார்த்தவுடன் கையுறையும் முகக்கவசமும் போட்டு அள்ளிவிட வேண்டும். பிளீச் அந்த முட்டையைக் கொல்லாது. கொதிக்கும் நீர் கொல்லும். மண்ணில் விளையாடும் சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் கோழியைவிட முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவின் விற்பனைக்குப் பிந்தைய சேவை பற்றி: சென்சார் மூடியில் விரிசல் வந்ததற்குப் படம் எடுத்து அனுப்பினேன், மாற்று மூடி வந்தது. திறந்தபடி நின்றுபோகும் விஷயத்தை எழுதியதற்கு மட்டும், "காடியைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்று ஒருவரிப் பதில்.

யார் வாங்க வேண்டாம்? வாத்து வளர்ப்பவர்கள். இருட்டினால் தானாகக் கூடு அடையும் பழக்கம் கோழிக்கு உண்டு. வாத்தை ஒவ்வொரு மாலையும் ஓட்டித்தான் உள்ளே சேர்க்க வேண்டும். கினிக்கோழியும் அப்படித்தான், விட்டால் மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். எப்படியும் ஓட்டிவிட ஆள் போகத்தான் வேண்டும் என்றால், அந்த ஆளே கதவையும் மூடிவிட்டு வரலாம். மோட்டாருக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு சுருள் ஹார்டுவேர் கிளாத் வாங்கிக்கொள்ளுங்கள்.